மைனரிடம் குனிந்து பேச வேண்டும்

விவேக் நகரில் எங்கள் தெருவுக்கு ஒரு மைனர் இருந்தார். தமிழில் மைனர் என்றால் யார் என்று உங்களுக்குத் தெரியும். ஜவ்வாது வாசனை, மல் ஜிப்பா, கழுத்தில் தங்கச் செயின், ஊரில் இரண்டு வீடு. எங்கள் மைனரிடம் இதில் ஒன்றும் கிடையாது. முதல் விஷயம், அவர் பெண். கத்தோலிக்கக் குடும்பம், கல்யாணம் ஆகவில்லை, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். இரண்டு கால்களையும் குழந்தையிலேயே போலியோ எடுத்துக்கொண்டது.

ஏதோ ஒரு சீமைக் கம்பெனி தன்னுடைய குட்டிக் காருக்கு மைனர் என்று பெயர் வைத்தது. அந்தக் காரில் ஒன்றை அவருடைய அப்பா, ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து வாங்கி, முப்பது வருஷம் துடைத்து வைத்திருந்து, மகளிடம் கொடுத்தார். காரின் பெயர் மகள்மேல் ஒட்டிக்கொண்டது. தெருவில் கிண்டலுக்குத்தான் வைத்திருப்பார்கள். அவரோ அதைப் பட்டம் மாதிரி எடுத்துக்கொண்டார். யார் வீட்டு வாசலில் கார் நின்றாலும், "மைனர் வந்திருக்கேன்னு சொல்லு" என்று அவரே சொல்லி அனுப்புவார். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் என்னைக் கூப்பிட்ட பெயரைப் பிறகு சொல்கிறேன், அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

கவிழ்த்து வைத்த இட்லிச் சட்டி மாதிரி உருண்டையான, தாழ்வான, சாம்பல் நிறக் கார். நீலசந்திராவில் ஆட்டோ ரிப்பேர் செய்யும் பாய் ஒருவர், காலுக்கு இருந்த வேலையை எல்லாம் கைக்குக் கொண்டுவந்திருந்தார். கியர்க் கம்பியின் தலையில் ஆட்டோவின் கிளட்ச் பிடி. அதை அமுக்கிக்கொண்டே இடது கையால் கியர் போட வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே ஓர் இரும்புக் கம்பி. முன்னால் தள்ளினால் பிரேக், தன் பக்கம் இழுத்தால் வேகம். அது வலது கைக்கு. ஸ்டியரிங்கை அதே வலது கையில் மிஞ்சுகிற விரல்கள் பார்த்துக்கொள்ளும்.

யோசித்துப் பாருங்கள். ஹார்ன் அடிக்கக் கை பாக்கி இல்லை.

அதனால் இடதுபக்க ஜன்னலுக்கு வெளியே ஒரு ரப்பர் உருண்டை ஹார்ன் கட்டியிருந்தார்கள், சைக்கிளில் பன் விற்றுக்கொண்டு வருகிறவர் வைத்திருப்பாரே, அது. இடதுபக்கம் உட்காருகிறவர் அதை அமுக்கிக்கொண்டே வர வேண்டும். அக்கா யாருக்கும் லிஃப்ட் கொடுத்ததில்லை. ஹார்னுக்கு ஆள் எடுத்தார். நான் அப்படி வேலைக்குச் சேர்ந்தவன்.

நாங்கள் இருவருக்கும் பொம்மசந்திராவில் ஒரே தொழிற்சாலை. அவர் டெலிபோன் போர்டு ஆபரேட்டர், நான் டெஸ்பாட்ச்சில் கிளார்க். ஒரு நாள் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தேன். சாம்பல் கார் வந்து பக்கத்தில் நின்றது.

"பொம்மசந்திராதானே? ஏறு."

"பரவால்லக்கா, வேற பஸ் வந்துரும்."

"இன்னா, நான் ஓட்றேன்னு பயமா?"

"சே சே."

"அப்ப ஏறு. அதோ அந்த உருண்டை கீது பாரு, அத அமுக்கிக்கினே வா. நிறுத்தினியோ, எவனாவது குறுக்க வந்து விழுவான்."

ஏறினேன். ஓசூர் ரோட்டில் அப்போது மேம்பாலம் எதுவும் கிடையாது, லாரிகள் மட்டுமே உண்டு. மடிவாளா தாண்டியதும் கிரானைட் பலகை ஏற்றிய லாரி ஒன்று எங்களை உரசிக்கொண்டு போனது. நான் முருகனில் ஆரம்பித்து, மாரியம்மனைத் தொட்டு, எங்கள் பேட்டை குழந்தை இயேசு வரைக்கும் வந்துவிட்டேன். அவருக்கு என்ன நேர்ந்துகொள்வார்கள் என்று தெரியாததால் மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். வாய் இந்த வேலையில் இருக்க, என் இரண்டு கால்களும் காரின் தரையை ஓட்டை போடுகிற வேகத்தில் பிரேக் போட்டுக்கொண்டிருந்தன.

அக்கா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "கால எடு. இந்தக் கார்ல காலுக்கு வேலையே கெடையாது. என் காலுக்கே நான் வேல குடுக்கல, உன் காலு எதுக்கு குதிக்குது?"

அன்றிலிருந்து என் பெயர் ஹார்னு. "ஏய் ஹார்னு, மணியாச்சு, வா" என்று தெருமுனையிலிருந்து கத்துவார். நான் தினமும் இனிமேல் போகக் கூடாது என்று முடிவுசெய்வேன், தினமும் போய் ஏறுவேன். ஏன் என்று கேட்டால், கம்பெனி பஸ்ஸில் அவ்வளவு சிரிப்பு கிடையாது.

அக்காவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். அவர் காரைவிட்டு இறங்க மாட்டார். வீட்டில் கார் உள்ளே போனதும் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அதன்பிறகு அண்ணியும் ஊன்றுகோலும். தொழிற்சாலைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து, டெலிபோன் போர்டு ரூமின் பின்கதவை ஒட்டி நிறுத்துவார். என்னை மெயின் கேட்டிலேயே இறக்கிவிடுவார். அங்கிருந்து அவர் நாற்காலிக்கு எப்படிப் போகிறார் என்பது செக்யூரிட்டி அம்மா ஒருவருக்கு மட்டும் தெரியும். அவர் நின்றோ நடந்தோ நான் பார்த்ததே இல்லை. கடை, பேங்க், கல்யாணம், சாவு, சண்டை, எல்லாம் ஜன்னல் வழியாகத்தான்.

"எறங்குனா நான் பாவம். உள்ள இருந்தா மைனர்" என்பார். பாவம் என்ற சொல்லை அவர் காதில் போட்டவர்கள் கதி மோசம். கீரைக்காரம்மா ஒரு நாள் தெரியாமல் சொல்லிவிட்டாள். அக்கா அவளிடம் கீரை வாங்குவதை விட்டார். அப்புறம் கீரையையே விட்டார்.

தாழ்வான கார் என்பதால் அவரிடம் பேசுகிறவர்கள் எல்லோரும் குனிந்துதான் ஆக வேண்டும். யாராவது நிமிர்ந்தபடியே பேசினால் காது கேட்காத மாதிரி ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருப்பார். "குனிஞ்சு பேசு" என்று ஒரு தடவை சொல்வார். இரண்டாம் தடவைக்கு முன்னால் கார் கிளம்பிவிடும். நான் கொஞ்சம் உயரம். ஹார்ன் வேலைக்கு அவரிடம் விடுப்புக் கேட்டே எனக்கு இடுப்புவலி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கோயில் வாசலில் காரை நிறுத்தி, உள்ளே உட்கார்ந்தபடி கேட்பார். நன்மை வாங்குவது, அதாவது ஃபாதர் கையால் அப்பத்தை வாயில் வாங்குவது மட்டும் பிரச்சினை. புதிதாக வந்த ஃபாதர், வயிறு கொஞ்சம் முன்னால் இருப்பவர், வாசலுக்கு வந்து கொடுக்க யோசித்தார். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வரட்டுமே என்றார். அடுத்த வாரம் அக்கா காரை வாசலுக்கு நேர் குறுக்கே நிறுத்தினார். பூசை முடிந்து ஜனம் வெளியே வர முடியவில்லை. ஃபாதரே வந்தார்.

"குனிஞ்சு குடுங்க ஃபாதர்" என்றார் அக்கா. "ஆண்டவரே குனிஞ்சு ஊரான் கால கழுவினவருதானே. நான் அவ்ளோ கேக்கல. வாயில வெச்சா போதும்."

ஃபாதர் மூச்சுவாங்கிக் குனிந்தார். பிறகு ஞாயிறுதோறும் குனிந்தார். வயிறும் கொஞ்சம் உள்ளே போனது என்று சொன்னார்கள்.

இதெல்லாம் சிரிப்பாக இருக்கிறது. கோயமுத்தூர்க்காரர் விஷயம் அப்படி இல்லை.

தொழிற்சாலைக்கு வெளியே இருந்தவர்களுக்கு அக்கா ஒரு குரல் மட்டும்தான். அந்தக் குரலில் "குட் மார்னிங், ஒன் மினிட்" என்று கேட்டால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கலாம். கோயமுத்தூரிலிருந்து எங்களுக்கு மோட்டார் உதிரிபாகம் அனுப்புகிறவர் ஒருவர் அப்படிக் காத்திருந்து காத்திருந்து, ஒரு நாள் குரலைப் பார்க்க நேரிலேயே வந்துவிட்டார். நல்ல மனிதர், மனைவி இறந்தவர். சாயங்காலம் கேட்டுக்கு வெளியே எங்கள் காரை நிறுத்தினார். அக்கா சொல்லாமலே அந்த மனிதர் குனிந்தார். கையை ஜன்னலில் ஊன்றிக்கொண்டு அரை மணி நேரம் பேசினார். அக்கா சிரித்த சிரிப்பை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. நான் ஹார்னைப் பார்த்துக்கொண்டு, இல்லாத ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் அவர் சொன்னார்: "பக்கத்துல நல்ல காபி கெடைக்கும்னாங்க. இறங்கி வாங்க, ஒரு காபி சாப்பிட்டுப் போலாம்."

அக்கா கியர் போட்டார். அவர் கையை எடுக்க நேரம் கொடுத்தார், அவ்வளவுதான். பொம்மனஹள்ளி வரைக்கும் நான் ஹார்ன் அடிக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து கோயமுத்தூர் போன் வந்தால் அக்கா ஒரு வார்த்தையும் பேசாமல் டெஸ்பாட்ச்சுக்கு மாற்றிவிடுவார். அதாவது எனக்கு. அந்த மனிதர் ஒரு நாள் தயங்கித் தயங்கி, "சார், அவங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டார். எனக்குத்தான் பதற்றம் வந்தால் வாய் தானாக ஓடுமே. "ஆயிடுச்சு சார். போலீஸ்காரர்" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். அக்காவிடம் சொன்னேன்.

"நல்ல வேல செஞ்ச" என்றார்.

அந்த வாரம் முழுக்க நான் கம்பெனி பஸ்ஸில் போனேன். தெருமுனையில் யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

போலீஸ்காரர் என்று நான் சொன்ன வாய்முகூர்த்தமோ என்னவோ, நிஜமான போலீஸ்காரர் பிறகு வந்தார். ரோட்டில் வண்டிகளை நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்த ஒரு கான்ஸ்டபிள். அக்கா ஆர்.சி. புத்தகத்தை நீட்டினார். அதில் வண்டியின் வகை என்ற இடத்தில் 'இன்வலிட் கேரேஜ்' என்று இருக்கும். கால் முடியாதவர்கள் தாங்களே ஓட்டுகிற வண்டிக்குச் சட்டத்தில் அதுதான் பெயர். அதற்கு வரி கிடையாது. ஆங்கிலத்தில் அதே எழுத்துகளை ஒரு மாதிரி சொன்னால் முடியாதவர், இன்னொரு மாதிரி சொன்னால் செல்லாதது. கான்ஸ்டபிள் இன்னொரு மாதிரி படித்தார்.

"ஏனம்மா, இன்வாலிட் அந்த பர்திதெயல்லா!" செல்லாது என்று எழுதியிருக்கிறதே என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

"குனிஞ்சு பேசுங்க சார்" என்றார் அக்கா. அவர் குனிந்தார். "வண்டி செல்லும். நான்தான் செல்லாது."

கான்ஸ்டபிள் யோசித்தார். எங்கள் ஊர் போலீஸ்காரர் கன்னடத்தில் கோபப்பட்டுத் தமிழில் சந்தேகப்படுவார். "நல்லாத்தானே கீறீங்க. எறங்குங்க, பாக்கலாம்."

"எறங்க மாட்டேன்."

"எறங்கலன்னா வண்டிய தூக்கிருவேன்."

"தூக்கு. நான் உள்ளதான் இருப்பேன்."

நான் இறங்கத் தயாராக இருந்தேன் என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன். கதவு திறக்கவில்லை. அதற்குள் கிரேன் வந்து காரின் மூக்கைத் தூக்கிவிட்டது. பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்த மாதிரி நாங்கள் இருவரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் புறப்பட்டோம்.

"ஹார்னு, அடி" என்றார் அக்கா.

"அக்கா, நாம போகல. நம்மள இழுத்துக்கினு போறாங்க."

"முன்னாடிதானே போறோம்? அடி."

அடித்தேன். வழி முழுக்க அடித்தேன். ஒரு பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எங்களுக்குக் கை காட்டினார்கள்.

ஸ்டேஷனில் இருந்த சப்-இன்ஸ்பெக்டர் வயதானவர். புத்தகத்தைப் படித்ததும் கான்ஸ்டபிளைத் திட்டிவிட்டுச் சிரித்தார். அவராகவே ஜன்னலுக்கு வந்து, அவராகவே குனிந்தார். "ஸாரிம்மா. ஆனா ஒண்ணு, இந்த ஆர்.சி. அடுத்த மாசத்தோட முடியுது. ரின்யூ பண்ணிடுங்க. இல்லன்னா அவன் படிச்சதுதான் சரின்னு ஆயிடும்."

திரும்பும்போதுதான் சிக்கல் எனக்குப் புரிந்தது: புதுப்பிக்க வண்டி ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போக வேண்டும். போன தடவை புதுப்பித்தபோது அப்பா உயிரோடு இருந்தார், காரை அவரே கொண்டுபோய்க் காட்டி வந்துவிட்டார். அண்ணனுக்கு இந்தக் கார் ஓட்ட வராது. கால் இருப்பவர்கள் இதில் தடுமாறுவார்கள். கார் நின்றுபோனால் என்ன என்று நான் விளையாட்டாகக் கேட்டேன், ஆட்டோவில் போனால் ஆச்சு.

"ஆட்டோல என்னிய யாராவது தூக்கி வெக்கணும்" என்றார். "தூக்கறவன் தெனமும் பாவம்னு சொல்லிக்கினேதான் தூக்குவான். தெனமும். ரெண்டு வேள."

அந்த மாதக் கடைசியில் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனோம். பெரிய மைதானம், அதில் வெயில், வரிசையாக வண்டிகள். இன்ஸ்பெக்டர் இளைஞர், மரியாதையானவர், கையில் அட்டை. அவர் குனியவில்லை. காருக்கு இரண்டடி தள்ளி நேராக நின்றுகொண்டு, கூரைக்கு மேலே பேசினார். அந்த இடத்திலிருந்து அவருக்கு அக்காவின் முழங்கையும் இரண்டு வளையலும் தெரிந்திருக்கும்.

"மேடம் இறங்கி வரட்டும். ஓனரை நேர்ல பாக்கணும்" என்று என்னிடம் சொன்னார். வரியிலிருந்து தப்பிக்க நல்ல காலோடு இருப்பவர்களே இந்தப் பெயரில் பதிந்துகொள்கிறார்களாம். மேலிடத்து உத்தரவாம். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது.

"குனிஞ்சு பாக்கச் சொல்லு" என்றார் அக்கா. "கால் இங்கதான் கீது. எங்கயும் ஓடல."

"மத்தியானத்துக்குள்ள என் டேபிளுக்கு வந்தா கையெழுத்துப் போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு அவர் எதிரிலிருந்த மரத்தடி மேஜைக்குப் போய்விட்டார்.

காருக்கும் அந்த மேஜைக்கும் நடுவே வெறும் மண். நூறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். "ரெண்டே நிமிஷம்க்கா, நானும் கூட வரேன்" என்றேன். அவர் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். கார் கிளம்பிவிடுமோ என்று எனக்குப் பயம். கிளம்பினால் அதுதான் கடைசி.

அப்போதுதான் என் பக்க ஜன்னலில் புரோக்கர் ஒருவர் வந்தார். "இன்னா சார், இன்வலிட் கேஸா? டென்ஷன் ஆவாத. நம்மகிட்ட ஆள் கீது."

"என்ன ஆள்?"

"கால் இல்லாத ஆளு சார். உங்க புக்க எடுத்துக்கினு அது போவும், ஓனர் நான்தான்னு சொல்லும், கையெழுத்து வாங்கினு வந்துரும். டெய்லி நடக்கறதுதான்."

எனக்கு ஜெயில் கண்ணுக்குத் தெரிந்தது. கம்பிகளுக்குப் பின்னால் நான் கையில் ரப்பர் உருண்டையோடு நின்றேன். "ஐயோ, வேணாம்பா. இவங்களுக்கு நெஜமாவே கால் முடியாதுப்பா!" என்று கத்தினேன்.

புரோக்கர் கண்ணடித்தார். "எல்லாரும் மொதல்ல அப்டித்தான் சார் சொல்லுவாங்க."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அக்காவைப் பார்த்தேன். புத்தகத்தை எடுத்து எனக்குக் குறுக்கே கையை நீட்டி அவரிடம் கொடுத்துவிட்டார்.

டீக்கடைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அக்கா வயதுதான் இருக்கும். பால்பேரிங் சக்கரம் வைத்த பலகையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்தாள். புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு மேஜையை நோக்கிப் போனாள். சக்கரம் மண்ணில் சிக்கியபோது பலகையைவிட்டு இறங்கி, அதைத் தூக்கி முன்னால் வைத்து, கையால் தவழ்ந்துபோய் மறுபடி ஏறிக்கொண்டாள். ஜனங்கள் வழிவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றார். அப்புறம் குனிந்தார். நன்றாக, முழங்காலில் கை வைத்துக்கொண்டு குனிந்தார்.

"இந்தக் காரை நீங்களா ஓட்டறீங்க?" அவர் குரல் எங்களுக்கே கேட்டது.

"நான்தான் சார் ஓட்றேன்."

"ஓசூர் ரோட்லயா? தினமுமா?"

"தெனமும்தான் சார்."

அவர் பக்கத்தில் நின்றவர்களைக் கூப்பிட்டார். "நோடி, நோடி! பாருங்க, இந்தக் காலோட இவங்க கார் ஓட்டறாங்க. நமக்கெல்லாம் என்ன குறைச்சல்?" யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். ஒரு பையைத் தோளில் மாட்டியிருந்த அம்மாள், "பாவம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஓசூர் ரோட்டில் இத்தனை வருஷம் கிரானைட் லாரிகளுக்கு நடுவே ஓட்டியவர் காருக்குள் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று என் கழுத்துக்கே தெரிந்திருந்தது.

அந்தப் பெண் திரும்பி வந்தாள். அக்காவின் ஜன்னலுக்குக் கீழே பலகையை நிறுத்திப் புத்தகத்தை மேலே நீட்டினாள். எட்டவில்லை. எவ்வளவு தாழ்வான காராக இருந்தாலும் அவளுக்கு அது உயரம். அக்கா ஜன்னலுக்கு வெளியே தோள்வரைக்கும் வந்து, கையைத் தொங்கவிட்டு, குனிந்து வாங்கினார்.

அந்தப் பெண் உடனே போகவில்லை. அக்காவின் மூக்குக்கண்ணாடியை, கஞ்சி போட்ட புடவையை, வளையலை எல்லாம் கீழேயிருந்து நிதானமாகப் பார்த்தாள்.

"நல்லாத்தானே கீற, ரெண்டு காலும் வெச்சிக்கினு" என்றாள். "எங்க பேர சொல்லி வரி தப்பிக்கணுமா உனக்கு? வெக்கமா இல்ல?"

நான் வாயைத் திறந்தேன். அக்காவின் இடது கை கியரைவிட்டு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. கிளட்ச் அமுக்கி அமுக்கி இறுகிய கை. எலும்பு நொறுங்கும் போலிருந்தது.

"தப்புதாம்மா" என்றார் அக்கா, இன்னும் கொஞ்சம் குனிந்து. "இனிமே பண்ண மாட்டேன்."

அவள் பலகையைத் திருப்பிக்கொண்டு டீக்கடைப் பக்கம் போனாள். மன்னித்த மாதிரி தெரியவில்லை.